ஹமீதா பானு: கோதாவுக்குப் பிறகு

தமிழில் மற்போரைக் கண்ணால் கண்டு பாடியவர்களில் ஒரு பெண் இருக்கிறார். பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். ஆமூர் மல்லனோடு மோதிய சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி மேல் காதல் கொண்டு அவர் பாடிய மூன்று பாடல்கள் புறநானூற்றில் 83 முதல் 85 வரை உள்ளன. மூன்றாவது பாடலில் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. கிள்ளி வென்றான் என்கிறார்கள் சிலர், இல்லை என்கிறார்கள் சிலர். நக்கண்ணையார் ஓடிப்போய்த் தம் வீட்டுப் பனைமரத்தில் சாய்ந்து நின்று பார்க்கிறார். வென்றது அவன்தான், நானே கண்டேன் என்று முடிக்கிறார்.

நம் மரபில் குஸ்தியோடு பெண்ணுக்கு இருந்த உறவு பெரும்பாலும் இதுதான். அவள் பார்ப்பாள், அஞ்சுவாள், சாட்சி சொல்வாள். கோதாவுக்குள் அவளே இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டில் கிடைக்கும் மிகத் தெளிவான வரலாறு ஹமீதா பானுவுடையது. அவர் சென்னைக்காரர் அல்லர். ஆனால் அவர் கதையின் ஒரு முக்கியமான முடிச்சை அவிழ்க்கத் தியாகராய நகரின் பாண்டி பஜாருக்கு வரவேண்டியிருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூரிலிருந்து அலிகருக்குப் போய், சலாம் பயில்வான் என்ற உஸ்தாதிடம் குஸ்தி பயின்றவர் ஹமீதா பானு. 1940களிலேயே பம்பாயில் அவர் பெயருக்குக் கூட்டம் கூடியது. 1954 பிப்ரவரியில் அவர் விட்ட சவால்தான் இன்றுவரை பேசப்படுகிறது. கோதாவில் என்னைத் தோற்கடிப்பவரை நான் மணந்துகொள்கிறேன் என்றார். பட்டியாலாவிலிருந்து ஒருவர், கல்கத்தாவிலிருந்து ஒருவர் என இரண்டு ஆண் பயில்வான்கள் வந்து தோற்றார்கள். மே மாதம் பரோடாவில் அடுத்த போட்டி. லாரிகளிலும் வண்டிகளிலும் அவர் பெயரைப் பெரிதாக எழுதி ஊரெங்கும் விளம்பரம் ஓடியது. முதலில் மோத ஒப்புக்கொண்டிருந்த சோட்டே காமா கடைசி நேரத்தில் விலகிவிட்டார். பதிலுக்கு வந்தவர் பாபா பயில்வான். 1 நிமிடம் 34 விநாடிகளில் அவர் முதுகு மண்ணைத் தொட்டது. இதுவே என் கடைசிப் போட்டி என்று அங்கேயே அறிவித்துவிட்டு ஓய்வு பெற்றார் பாபா. ஹமீதா பானு அதற்குள் 300-க்கும் மேற்பட்ட போட்டிகளில் வென்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டார்.

அவருடைய உடலைப் பற்றி அன்றைய பத்திரிகைகள் எழுதிய அளவுக்கு அவருடைய பிடிகளைப் பற்றி எழுதவில்லை. உயரம் 5 அடி 3 அங்குலம். எடை ஏறத்தாழ 108 கிலோ. சாப்பாட்டுப் பட்டியல் தனிச் செய்தியாகவே வந்தது. ஒரு நாளைக்கு 5.6 லிட்டர் பால், 2.8 லிட்டர் சூப், 1.8 லிட்டர் பழச்சாறு, ஒரு முழுக் கோழி, ஏறத்தாழ ஒரு கிலோ ஆட்டிறைச்சி, அரைக் கிலோ வெண்ணெய், 6 முட்டை, பாதாம், இரண்டு பெரிய ரொட்டி, இரண்டு தட்டு பிரியாணி. 9 மணி நேரத் தூக்கம், 6 மணி நேரப் பயிற்சி. வாசகர் வியந்து படிக்கட்டும் என்று அச்சிட்டது. எனக்கு இது ஒரு செலவுக் கணக்காகவே தெரிகிறது. தண்டாலும் பஸ்கியும் எடுக்கிற உடம்புக்கு இத்தனை பாலும் பாதாமும் நாள்தோறும் வாங்கிப் போட யாரோ ஒருவர் முதல் போட வேண்டும். சமஸ்தானங்கள் இருந்த காலத்தில் அரண்மனை போட்டது. சமஸ்தானங்கள் போன பிறகு, டிக்கெட் விற்று வரும் பணத்திலிருந்து போட்டி நடத்துபவர் போட்டார். முதல் போட்டவர் கணக்குக் கேட்பார் என்பது எந்தத் தொழிலிலும் உள்ளதுதான்.

திருமணச் சவாலையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதைப் பெண்ணின் துணிச்சலாக மட்டும் பாராட்டி எழுதுகிறவர்கள் அந்தப் பந்தயத்தின் நிபந்தனைகளை எடைபோடுவதில்லை. ஆண் தோற்றால் அவனுக்கு மானம் போகும், அவ்வளவே. ஹமீதா பானு தோற்றால் வாழ்க்கையே போகும், தொழிலும் அதோடு போகும். டிக்கெட் விற்பதற்கு இதைவிடக் கெட்டிக்காரத்தனமான உத்தி கிடையாது. ஒவ்வொரு போட்டியிலும் அவர் மட்டும் தம்மையே பணயம் வைத்தார். அவர் துணிச்சலை நான் குறைக்கவில்லை. அத்தனை பெரிய பணயத்தை வைத்துவிட்டுப் பதற்றமில்லாமல் ஒன்றரை நிமிடத்தில் ஆளைச் சாய்க்க எவ்வளவு பயிற்சியும் நெஞ்சுரமும் வேண்டும் என்று யோசித்தால் மதிப்பு கூடத்தான் செய்கிறது.

ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது இங்கேயும் நடந்தது. 1944-இல் பம்பாயில் கூங்கா பயில்வானோடு அவர் மோதுவதைப் பார்க்க 20,000 பேர் கூடினார்கள். கூங்கா கூடுதல் பணமும் கூடுதல் அவகாசமும் கேட்டதால் போட்டி நின்றுபோனது. ஆத்திரமடைந்த கூட்டம் அரங்கத்தை உடைத்தது. கோலாப்பூரில் ஷோபா சிங் பஞ்சாபி என்ற ஆண் பயில்வானை வென்றபோது, இது நாடகம் என்று கத்திக் கல்லெறிந்தார்கள். போலீஸ் வந்துதான் கூட்டத்தை அடக்க முடிந்தது. புனேயில் ராம்சந்திர சாலுங்கேயோடு நடக்க இருந்த போட்டியை உள்ளூர் மல்யுத்த அமைப்பு எதிர்த்ததால் கைவிட்டார்கள். தம் போட்டிகளுக்குத் தடை போடுவதாக அப்போது பம்பாய் மாநில முதல்வராக இருந்த மொரார்ஜி தேசாயிடம் முறையிட்டார் ஹமீதா பானு. பெண் என்பதால் தடை இல்லை, போட்டி நடத்துபவர்கள் உங்களுக்கு எதிராக டம்மி ஆட்களை நிறுத்துவதாகப் புகார்கள் வந்ததால்தான் தடை என்று பதில் வந்தது.

அந்தப் புகாரில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வரலாற்றாசிரியர் ரோனோஜாய் சென் இந்திய விளையாட்டு வரலாறு பற்றிய தம் நூலில், ஹமீதா பானுவின் போட்டிகளில் விளையாட்டும் வேடிக்கையும் எப்படிக் கலந்து கிடந்தன என்பதைக் காட்டுகிறார். ஒருமுறை அவர் போட்டியை அடுத்து, ஒரு கால் ஊனமுற்ற பயில்வானுக்கும் ஒரு பார்வையற்ற பயில்வானுக்கும் மோதல் அறிவித்திருந்தார்கள். பார்வையற்றவர் பல்வலி என்று சொன்னதால் மற்றவர் வென்றதாக அறிவித்தார்கள். தொழில்முறைக் குஸ்தி என்பது எங்குமே இப்படிப்பட்ட கலவைதான். முடிவு முன்கூட்டியே பேசப்பட்டிருக்கலாம். விழுகிற விழுகை மட்டும் நிஜம், முறிகிற எலும்பும் நிஜம்.

ஆனால் சந்தேகம் யாரை என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். தாரா சிங், கிங்காங் என்ற மல்லர்களை அறியாத பழைய தலைமுறைத் தமிழர் இல்லை. பலசாலிப் பையனைத் தாரா சிங் என்பதும் பருமனானவரைக் கிங்காங் என்பதும் வீட்டுப் பேச்சாகவே இருந்தது. அவர்கள் மோதல்களையும் நாடகம் என்று சொன்னவர்கள் உண்டு. அதனால் தாரா சிங்குக்கு என்ன கெட்டுப் போயிற்று? ஹமீதா பானு பரோடாவில் வென்ற அதே 1954-இல் தாரா சிங்குக்கு ருஸ்தம்-ஏ-ஹிந்த் பட்டம் கிடைத்தது. இந்திப் படங்களில் கதாநாயகன் ஆனார். 1980களின் இறுதியில் தொலைக்காட்சி ராமாயணத்தில் அனுமனாக வீடுதோறும் வணங்கப்பட்டார். 2003 முதல் 2009 வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். 2012-இல் அவர் இறந்தபோது நாடே இரங்கல் சொன்னது. ஒரே தொழில், ஒரே காலம், ஒரே சந்தேகம். ஆணுக்கு அது விளம்பரம் ஆனது, பெண்ணுக்குக் கல்லெறியும் தடையும் ஆனது. மொரார்ஜி தேசாய் பெண் என்பதால் இல்லை என்றாலும், விளைவைப் பார்த்தால் பெண் என்பதால்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

1954-லேயே பம்பாயில் வேரா சிஸ்டிலின் என்ற பெண் மல்லரோடு மோதினார் ஹமீதா பானு. ரஷ்யாவின் பெண் கரடி என்று விளம்பரம் செய்யப்பட்டிருந்த அவரை ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்தினார். ஐரோப்பாவுக்குப் போய் அங்குள்ள மல்லர்களோடு மோதப்போகிறேன் என்று அறிவித்தார். அவர் தொழில்வாழ்க்கையின் உச்சம் இதுதான். சில காலத்திலேயே குஸ்தி உலகிலிருந்து அவர் பெயர் மறைந்து போகிறது.

காரணத்தை அவர் குடும்பத்தினரும் அக்கம்பக்கத்தாரும் பல்லாண்டு கழித்து பிபிசி செய்தியாளரிடம் சொன்னார்கள். ஐரோப்பாவுக்குப் போவது உஸ்தாத் சலாமுக்குப் பிடிக்கவில்லை. போகாமல் தடுக்கத் தடியால் அடித்து அவர் கைகளை முறித்தார் என்கிறார் கடைசிவரை அவரோடு இருந்த பேரன். கால்களும் முறிந்திருந்தன, பல ஆண்டுகள் தடி இல்லாமல் நடக்க முடியவில்லை என்கிறார் அப்போது பக்கத்து வீட்டிலிருந்தவர். சலாமை அவர் மணந்துகொண்டார் என்று சலாமின் மகள் சொல்கிறார். தந்தை போல மதித்தாரே தவிர மணக்கவில்லை என்று பேரன் மறுக்கிறார். சலாம் அலிகருக்குத் திரும்பினார். ஹமீதா பானு பம்பாயை அடுத்த கல்யாணிலேயே தங்கிவிட்டார். மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்தார். சில கட்டடங்களை வாடகைக்கு விட்டார். வருமானம் வற்றியபோது வீட்டில் பலகாரம் செய்து தெருவோரம் உட்கார்ந்து விற்றார். 1986-இல் இறந்தார்.

ஒரு நாளைக்கு ஐந்தரை லிட்டர் பால் குடித்தவர் பிறகு பால் விற்றார் என்று இதை உருக்கமாக முடித்துவிடுவது எளிது. அப்படி முடித்தால் நடந்தது விதி போலத் தோன்றும். நடந்தது விதி அல்ல. ஒருவர் மேற்கொண்ட தொழில் முடிவை இன்னொருவர் தடியால் தடுத்தார். அந்தத் தடிக்கு அவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதே என் கேள்வி. உஸ்தாதே மேலாளர், அவரே போட்டி பேசுபவர், அவரே பணம் வாங்குபவர் என்ற ஏற்பாட்டிலிருந்து வந்தது என்பது என் பதில். மல்லர் வெளிநாடு போனால் முதலில் பறிபோவது உஸ்தாதின் வருமானம்.

இது நம் நாட்டு வழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவின் மில்ட்ரெட் பர்க் வாழ்க்கையை ஹமீதா பானுவின் வாழ்க்கைக்குப் பக்கத்தில் வைத்தால் மெய்சிலிர்க்கிறது. 1915-இல் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்த பர்க்கும் ஊர் ஊராகச் செல்லும் திருவிழாக் கூடாரங்களில் ஆண்களோடு மோதித்தான் பெயர் வாங்கினார். 10 நிமிடத்துக்குள் என்னைச் சாய்ப்பவருக்கு 25 டாலர் என்பது அவர் சவால். பயிற்சி தந்தவர் பில்லி வுல்ஃப். அவரே கணவர், அவரே மேலாளர். பர்க்கின் வருமானமும் நாடெங்கும் இருந்த பெண் மல்லர்களின் போட்டிகளும் வுல்ஃபின் கையில் இருந்தன. பர்க் விலக முயன்றபோது அவருக்கும் அடி விழுந்தது. விவாகரத்துக்குப் பிறகு, 1954 ஆகஸ்டில், அட்லாண்டா நகரில் வுல்ஃபின் பக்கத்து ஆளான ஜூன் பயர்ஸோடு மோதினார். முதல் சுற்றில் தோற்றார். இரண்டாவது சுற்று முடியாமலே அதிகாரிகள் போட்டியை நிறுத்தினார்கள். பட்டம் பயர்ஸுக்கு என்று பேசப்பட்டது. அதே 1954. ஒருவர் அலிகர்க்காரர், ஒருவர் கான்சாஸ்காரர். ஒருவரை ஒருவர் அறிந்திருக்க மாட்டார்கள்.

பின்வாழ்க்கையில்தான் இருவரும் பிரிகிறார்கள். பர்க் தமக்கென்று தனி அமைப்பு ஒன்றைத் தொடங்கியிருந்தார், பட்டமும் அந்த அமைப்பின் பெயரில் இருந்தது. அட்லாண்டா போட்டி முடிந்த மூன்றே மாதத்தில் மல்லர் குழுவோடு ஜப்பானுக்குப் போனார். அந்தப் பயணம் அங்கே மகளிர் மல்யுத்தத்துக்கு விதையானது. 1968-இல் தோன்றிய அகில ஜப்பான் மகளிர் மல்யுத்த நிறுவனம் பர்க் அமைப்பின் பட்டத்தையே தன் தலைமைப் பட்டமாகப் பல பத்தாண்டுகள் வைத்திருந்தது. கலிபோர்னியாவில் பயிற்சிக்கூடம் நடத்திப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த பர்க் 1989-இல் இறந்தார். அவருக்குக் கப்பல் ஏற முடிந்தது, ஹமீதா பானுவுக்கு முடியவில்லை. வேறுபாடு வலிமையில் இல்லை. தம் பெயரில் எது எழுதப்பட்டிருந்தது என்பதில் இருக்கிறது.

இங்கேதான் பாண்டி பஜார் வருகிறது. ஹமீதா பானு பம்பாயில் புகழடைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் சென்னையில் உச்சத்தில் இருந்தவர் டி.ஆர். ராஜகுமாரி. 1948-இல் ஜெமினி எடுத்த சந்திரலேகாவின் நாயகி. அதுவும் உடலை நம்பிய தொழில்தான். அழகும் வயதும் போனால் போய்விடும் தொழில். பெண்ணின் வருமானத்தைக் கணவரும் அண்ணன் தம்பியும் முதலாளியும் பங்கு போடுவது திரைத்துறையிலும் சாதாரணம். ராஜகுமாரி தியாகராய நகர் பாண்டி பஜாரில் தம் பெயரிலேயே ராஜகுமாரி தியேட்டரைக் கட்டினார். சொந்தத் திரையரங்கு வைத்திருந்த முதல் தென்னிந்திய நடிகை என்று அவரைச் சொல்வார்கள். தம்பி டி.ஆர். ராமண்ணாவோடு சேர்ந்து ஆர்.ஆர். பிக்சர்ஸ் என்ற படக் கம்பெனியையும் நடத்தினார். நடிப்பை விட்ட பின்பும் 1999-இல் இறக்கும்வரை அவரைப் பற்றி யாரும் பரிதாபப்பட்டு எழுத வேண்டியிருக்கவில்லை. அந்தத் தியேட்டர் இப்போது இல்லை. பாண்டி பஜாரில் துணி எடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது நினைவிருக்குமோ. என் கண்ணில், உடலால் சம்பாதித்த ஒரு பெண் தம் பிற்காலத்தைத் தாமே எழுதிக்கொண்டதற்கு நம் நகரம் தந்த மிகச் சிறந்த சான்று அந்தக் கட்டடம்தான்.

மல்யுத்தத்தில் அந்த வாய்ப்பு இன்று வந்துவிட்டதா? ஹரியானாவின் கவிதா தேவியைப் பார்க்கலாம். கவிதா தலால் என்பது அவர் பின்னர் தேர்தலில் நின்ற பெயர். எடை தூக்கும் வீராங்கனையாக 2016 தெற்காசிய விளையாட்டில் தங்கம் வாங்கியவர். ஜலந்தரில் கிரேட் காலி என்ற மல்லர் நடத்தும் கூடத்தில் தொழில்முறை மல்யுத்தம் பயின்றார். 2017-இல் அமெரிக்காவில் டபிள்யூ.டபிள்யூ.இ. நடத்திய மே யங் கிளாசிக் போட்டியில் சல்வார் கமீஸோடு மோதியபோது உலகம் திரும்பிப் பார்த்தது. அந்த நிறுவனத்தில் மோதிய முதல் இந்தியப் பெண் அவர். 2018 ரெசில்மேனியாவில் பெண்கள் கூட்டமாக மோதும் போட்டியிலும் இருந்தார். அந்தப் போட்டிக்கு முதலில் ஃபேபுலஸ் மூலா என்ற மறைந்த மல்லரின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். தம்மிடம் பயின்ற பெண்களின் ஊதியத்தில் பெரும் பங்கை மூலா பிடித்துக்கொண்டதாகவும் அதைவிடக் கொடுமைகள் செய்ததாகவும் குற்றச்சாட்டுகள் எழுந்ததால் பெயரை எடுத்துவிட்டார்கள். கோதாவில் பெண்ணைச் சுரண்ட ஆண்தான் வேண்டும் என்பதில்லை, உஸ்தாதும் மேலாளரும் ஒருவராக இருந்தாலே போதும் என்பதற்கு மூலா சாட்சி.

கவிதாவை 2021 மே மாதத்தில் நிறுவனம் விடுவித்துவிட்டது. ஒப்பந்தம் முடிந்தால் முடிந்தது. பிறகு அவர் ஆம் ஆத்மி கட்சியில் சேர்ந்தார். 2024 ஹரியானா சட்டமன்றத் தேர்தலில் ஜுலானா தொகுதியில் நின்றார். எதிரில் நின்றவர் வினேஷ் போகாட். அந்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிப் போட்டிக்கு முன் 100 கிராம் எடை கூடியதால் தகுதியிழந்து, நாட்டின் கண்ணீரோடு ஊர் திரும்பியவர். காங்கிரஸ் வேட்பாளரான வினேஷ் 6,015 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். கவிதாவுக்கு டெபாசிட் போயிற்று. ஓட்டுக்குக் கட்சி, சாதி, ஊர் எனப் பல கணக்குகள் உண்டு, அறிவேன். ஆனாலும் பதக்கத்துக்காக மோதும் பெண்ணுக்கும் டிக்கெட்டுக்காக மோதும் பெண்ணுக்கும் இந்தச் சமூகம் தருகிற இடம் ஒன்றாக இல்லை என்பதை ஜுலானா பளிச்சென்று காட்டியது.

பதக்கம் வாங்கியவர்களின் நிலையும் பாதுகாப்பானது அல்ல. 2023-இல் இந்திய மல்யுத்த சம்மேளனத் தலைவராக இருந்தவர் மீது பாலியல் குற்றச்சாட்டு சொல்லி வீராங்கனைகள் டெல்லி ஜந்தர் மந்தரில் வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அவர் மறுத்தார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அந்த டிசம்பரில், அவருக்கு நெருக்கமானவர் சம்மேளனத் தேர்தலில் வென்ற அன்று, ரியோ ஒலிம்பிக் பதக்கம் வென்ற சாக்ஷி மாலிக் தம் ஷூக்களை மேசையில் வைத்துவிட்டு மல்யுத்தத்தை விட்டு விலகினார். எழுபது ஆண்டில் தடி போய்ச் சம்மேளனம் வந்திருக்கிறது. முறையிட ஓர் இடமாவது இருக்கிறதே என்பது முன்னேற்றம்தான். தொழில்முறை மல்லருக்கு அந்த இடமும் இல்லை. நலிந்த முன்னாள் வீரர்களுக்கு மாத ஓய்வூதியம் தரும் நல்ல திட்டம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடம் உண்டு. அதற்குத் தகுதி அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் பெற்ற இடம். டிக்கெட் வாங்கிப் பார்த்த குஸ்தி அந்தக் கணக்கில் வராது. சர்க்கஸ் கூடாரப் பெண்களும் திரைப்படச் சண்டைக் காட்சிகளில் நாயகிக்குப் பதில் குதித்த பெண்களும் வர மாட்டார்கள். உடலை வைத்து ஊரை மகிழ்வித்த இவர்களுக்குத் தொழிலாளர் என்ற முறையிலாவது ஓய்வூதியம் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

ஹமீதா பானு இறந்து 38 ஆண்டுகளுக்குப் பின், 2024 மே 4 அன்று, கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டது. பெங்களூரைச் சேர்ந்த ஓவியர் திவ்யா நேகி வரைந்தது. அந்த ஒரு நாளில் அவர் பெயரைத் தேடியவர்கள், பரோடாவில் அவரை நேரில் பார்த்தவர்களைவிடப் பன்மடங்கு இருந்திருப்பார்கள். அவர்களுக்குக் கிடைத்தது என்ன? பழைய பத்திரிகைத் துணுக்குகள், சில புகைப்படங்கள், குடும்பத்தினரின் நினைவுகள். ஒப்பந்தத் தாள் எதுவும் பேசப்படுவதில்லை, ஏனென்றால் அந்தத் தொழிலில் பேச்சே ஒப்பந்தம். இப்படிப்பட்ட பெண்களின் வரலாறு நூலகத்து அலமாரிகளைவிட நோட்டீஸிலும் டிக்கெட்டிலும் குடும்ப ஆல்பத்திலும்தான் தங்கியிருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மயிலாப்பூரிலும் அடையாறிலும் தியாகராய நகரிலும் பழைய வீடுகள் நாள்தோறும் இடிபட்டு அடுக்குமாடிகளாகின்றன. பரணில் கிடக்கும் காகிதங்கள் எடைக்குப் போகின்றன. போடுவதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். குஸ்தி, சர்க்கஸ், ஸ்டண்ட் என்று எந்தப் பெண்ணின் படமும் பெயரும் இருந்தாலும், ஒரு துண்டு நோட்டீஸாக இருந்தாலும் சரி, தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தாரிடம் காட்டுங்கள். தனி ஒருவர் சேர்த்த பழைய புத்தகங்களிலும் துண்டுத்தாள்களிலும் இருந்து வளர்ந்த நூலகம் அது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அந்தத் தொழில் செய்த மூதாட்டி யாராவது இருந்தால், அவர் பேசுவதைச் செல்பேசியில் பதிவு செய்யுங்கள். எத்தனை பேரை வென்றீர்கள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பணத்தை யார் வாங்கினார்கள் என்பதையும் கேளுங்கள்.